முத்திரை விழாத தாள்

நுமகுராவைப் பற்றி இசோமுராவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். சொல்லிவிட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொள்வார்கள். சுடுகாட்டு உலையைப் பார்க்கிறவர் கையால் தேநீர் வாங்கிக் குடிக்க இந்த ஊரில் இன்னும் பலருக்கு மனசு கூசும். அதே சுடுகாட்டில், மாடியில் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் கூடத்தில், இருபத்தாறு வருஷம் தேநீர் ஊற்றியவள் நான். என் கையால் மட்டும் மூன்று கோப்பை வாங்கிக் குடிப்பார்கள். மாடிக்கும் உலைக்கும் நடுவில் இருப்பது பதினெட்டுப் படி. இதைச் சொன்னால் ஊரில் கோபித்துக்கொள்கிறார்கள், சொல்லாமல் இருக்க எனக்கும் வாய் ஒத்துழைப்பதில்லை.

அவர் வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடியதும் பின்பக்கம் போய்விடுவார். உலையின் முதுகில் ஒரு சின்னத் துளை உண்டு, தேநீர்க் கோப்பையின் அடி அளவுக்கு. அதில் கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிற்பார். தீயை ஏற்றுவார், இறக்குவார், காற்றை ஒரு பக்கம் திருப்புவார். சும்மா எரிப்பதென்றால் யார் வேண்டுமானாலும் எரிக்கலாம். எலும்பு உருக்குலையாமல் வர வேண்டும், அதிலும் கழுத்தின் இரண்டாவது எலும்பு முழுசாக வர வேண்டும். அது வெந்து வெளியே வரும்போது யாரோ கைகூப்பிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும். தொண்டைப் புத்தர் என்று சொல்வோம்.

எலும்பு பொறுக்க வரும் சொந்தக்காரர்கள் கால் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பைக் குச்சிகளால் பிடித்துத் தூக்கிக் குடத்தில் போட வேண்டும். கால், இடுப்பு, விலா என்று மேலே வந்து, கடைசியில்தான் தொண்டைப் புத்தர். அதை மட்டும் நுமகுரா தனியாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து நீட்டுவார். "பாருங்க. அழகா உட்கார்ந்திருக்காரு." முப்பது வருஷமாக அதே வார்த்தை, அதே குரல். அதுவரை அழாமல் விறைத்துக்கொண்டு நின்ற ஆம்பிளைகள் அங்கே உடைந்துபோவார்கள். அவர் கையில் ஒரு தடவைகூட அந்த எலும்பு நொறுங்கியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய இருந்தது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பிறகு கூட்டல் காலம் வந்தது. உடம்பில் எதையாவது சேர்த்துக்கொள்வதை எங்கள் பக்கம் கூட்டல் என்றுதான் சொல்கிறோம். மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவர்கள் தோளுக்குள் கம்பி நார் வைத்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் இரவுக் காவல் பார்க்கிறவர்கள் கண்ணை மாற்றிக்கொண்டார்கள். நானும் யோக்கியம் இல்லை, எனக்கு முழங்கால் இரண்டும் வாங்கியதுதான். அந்தப் பதினெட்டுப் படியைத் தேநீர்த் தட்டோடு ஏறி இறங்க வேறு வழி தெரியவில்லை.

"அக்கா, நீங்க போனப்புறம் அந்த முட்டி ரெண்டையும் என்ன பண்றது? உலையில உருகாதே" என்று நுமகுரா கேட்டார். என்னைவிட மூன்று வயசு சின்னவர், அதனால் அக்கா என்பார்.

"உன் வீட்டுக் கதவு காத்துல அடிச்சுக்குதுன்னு உன் பொண்டாட்டி சொல்லிட்டிருந்தா. ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து வெச்சுக்கோ."

"ரெண்டும் பழக்கத்துல தானா படியேறிப் போயிடாதா?"

"உன் மூஞ்சியைத் தினமும் பார்க்கணும்னா போனாலும் போயிடும்."

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முட்டியும் தோளும் போனால் போகட்டும். கழுத்து வளையம் வந்த பிறகுதான் சிக்கல்.

வளையம் என்பது நினைவுக்கான கூட்டல். படித்தது, பார்த்தது, கேட்டது எதுவும் தலையைவிட்டு நழுவாமல் பிடித்து வைக்கும். அதைப் பொருத்த டாக்டர்களுக்கு வாகான இடம் ஒன்றே ஒன்றுதான், கழுத்தின் இரண்டாவது எலும்பு. அந்த எலும்பை எடுத்துவிட்டு அங்கே பீங்கான் வளையத்தை வைத்தார்கள். எங்களுக்கு அது புத்தர் உட்காரும் இடம் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உலையிலிருந்து எலும்போடு வெளியே இழுக்கும் தட்டில் முதல் வளையம் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முப்பத்துநான்கு வயசுப் பையன். வளையம் போட்டவர்களை மட்டும் எடுக்கும் ஒரு கம்பெனியில் சேருவதற்காகப் போட்டுக்கொண்டவன். மறதியே இல்லாத ஆளுக்கு ஓய்வு எதற்கு என்று பதினாறு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். அவனுடைய அம்மா மட்டும்தான் வந்திருந்தாள். என்னோடு சேர்ந்து காலிலிருந்து பொறுக்கிக்கொண்டே வந்தவள் கழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். சாம்பலுக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு வளையம், ஓரத்தில் எண் பொறித்து, தீயே படாத மாதிரி கிடந்தது.

"இவனோட புத்தர் எங்க?" என்று கேட்டாள். "நான் பெத்தப்ப இருந்துச்சே. யாரு எடுத்தாங்க?"

நுமகுரா குனிந்தார். வளையத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, முதுகுப் பக்கமிருந்து ஓர் எலும்பை எடுத்துத் துணியில் வைத்தார். "இங்க இருக்காரும்மா. கொஞ்சம் கீழ எறங்கி உட்கார்ந்திருக்காரு."

அந்தம்மா அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். வளையம் அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது. வளையத்தையும் குடத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நகராட்சி விதி.

எல்லாரும் போன பிறகு பிடித்துக்கொண்டேன். "என்ன பண்ணின நீ?"

"அந்தம்மா வெறுங்கையோட போகணுமா அக்கா?" என்றார். நான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.

ஒரு தடவை சொன்ன பொய் அதோடு நிற்குமா? வளையம் போட்ட ஒவ்வொருவருக்கும் முதுகெலும்பு புத்தராயிற்று. வளையங்களைக் கருவி அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். நான்கு வருஷத்தில் நாற்பத்துமூன்று சேர்ந்தன. டப்பாவை நகர்த்தினால் கோப்பைகள் மோதுவது மாதிரி சத்தம் கேட்கும்.

இப்போது சயோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுமகுராவின் மனைவி. முள்ளங்கியைப் புகைபோட்டு ஊறுகாய் போடுகிற கொட்டகையில் வேலை, ஆளே புகை வாசனையாகத்தான் இருப்பாள். பிள்ளை இல்லை. கணவன் கவலையை மென்று முழுங்குகிற ரகம், இவள் கொட்டிச் சிரிக்கிற ரகம். சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்ததும், வீட்டுக்குள் சாவு நுழைந்துவிடக் கூடாதென்று உப்பு தூவ வேண்டும். மற்ற வீடுகளில் துக்கத்துக்குப் போய்வந்த அன்று மட்டும் தூவுவார்கள், இவளுக்கு இது தினசரி வேலை. ஒரு சிட்டிகை போட்டால் போதும், இவள் கை நிறைய அள்ளி முகத்தில் வீசுவாள். "இன்னிக்கு ரெண்டு பேரா, மூணு பேரா? மூணுன்னா இன்னொரு கை போடணும்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போவார். உப்பு ஜாடி வாசல் மாடத்தில் செருப்புக்கு மேலே இருக்கும்.

ஐம்பத்தைந்து வயசில் அவளுக்கு ஆரம்பித்தது. சந்தையில் மீன் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, வாங்க வந்ததன் பெயரை மறந்து அரை மணி நேரம் புன்னகை செய்துகொண்டிருந்தாளாம். ஒரே காலையில் என்னிடம் இரண்டு முறை "கினு அக்கா, முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எங்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. பஞ்சாங்கத்தில் துணையிழுக்கும் நாள் என்று ஒன்று ஆறு நாளைக்கொரு முறை வரும். அன்று பிணம் எரித்தால் போகிறவர் கூடவே ஒருவரை இழுத்துக்கொண்டு போவார் என்பதால் உலையை மூடிவிடுவோம். அப்படியொரு நாளில்தான் இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மழுப்பாமல் சொல்லிவிட்டார். வளையம் போட்டால் இப்போது தலையில் இருப்பது அப்படியே நிற்கும். போனது திரும்பாது. ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும், அதற்குமேல் பிடித்து வைக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒரு சம்மதத் தாள் கொடுத்தார். சயோரி அங்கேயே தன் பெயரை எழுதி முத்திரை குத்திவிட்டாள். எங்கள் பக்கம் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான், இனி கணவரின் முத்திரை மட்டும் பாக்கி.

மறுநாள் காலையில் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தாளையும், அதன்மேல் அவருடைய முத்திரைக் கட்டையையும் வைத்தாள். அவர் சூப்பு சிந்திவிடப் போகிறதே என்று தாளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். வேலைக்கு வந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். முன்னோர் வந்துபோகும் கோடை விழா முடியட்டும் என்றார். கல்லறைக்குப் பூ வைக்கும் இலையுதிர் வாரம் முடியட்டும் என்றார். பனி உருகட்டும் என்றார். பனி உருகியது, தாள் அங்கேயே கிடந்தது.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உலைக்குப் பின்பக்கமே போய்க் கேட்டேன். "என்ன நினைச்சுட்டிருக்க நீ? நாள் ஓடுறது தெரியலையா?"

துளையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "உங்களுக்குத் தெரியாது அக்கா. நான் தினமும் பாக்கறேன். மத்த எல்லாம் அந்த ஆளா எரியுது. அது மட்டும் யாரோ வெச்சுட்டுப் போன மாதிரி நம்பரோட கெடக்கு. அவ கழுத்துல அதை நான் பாக்கணுமா?"

"செத்தப்புறம் பாக்கப்போறதை நினைச்சு உயிரோட இருக்கறவளை விட்டுடுவியா?"

"அந்தப் பையனுக்கும் வாழறதுக்குன்னுதான் போட்டாங்க. உடம்பு முழுசா வந்துச்சு, முழுசாப் போகணும். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வெச்சா, அப்புறம் மிச்சம் இருக்கறது அவதானான்னு எனக்குத் தெரியலை."

"எனக்கு முட்டி ரெண்டும் வாங்கினதுதான். நான் நான்தானா, இல்ல பாதிதானா?"

"நீங்க முட்டியால என்னை நினைக்கலையே அக்கா" என்றார். தீயை ஒரு படி இறக்கினார். கல்லுளிமங்கன் என்று திட்டிவிட்டு மாடிக்குப் போனேன்.

சயோரியிடமும் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "முத்திரை அங்கதானே கெடக்கு. எடுத்து நீயே குத்திடு. யாரு கேக்கப்போறா?"

அவள் முள்ளங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அது தோணலைன்னு நினைச்சீங்களா? ஊர்ல எல்லாரோட கழுத்தெலும்பையும் கட்டிக் காப்பாத்தின மனுஷன் அக்கா. என்னோடதை அவரே விடணும். நான் திருடி எடுத்துக்கிட்டதா இருக்கக் கூடாது."

"அதுக்குள்ள நீ அவரையே மறந்துட்டா?"

"மறந்தா அவர்தான் என்கிட்ட வந்து மறுபடி பேரு சொல்லணும். சொல்லட்டும், வாய் தொறக்கட்டும்." சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அவள் முள்ளங்கி கழுவப் போன நேரத்தில் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நான் தனியாக நின்றேன். தாளும் முத்திரையும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அடுத்தவர் வீட்டு விஷயம் என்று வந்துவிட்டேன். வாழ்க்கையில் வேண்டாத இடத்திலெல்லாம் மூக்கை நுழைத்தவள், நுழைக்க வேண்டிய இடத்தில் அன்றைக்கு ஒழுங்காக நடந்துகொண்டேன்.

அந்த வருஷம் அக்டோபரில் தகநாஷி என்கிற அம்மாள் தன் கணவரைக் கொண்டுவந்தாள். எழுபது தாண்டியவள், நிமிர்ந்த முதுகு. கூடச் சேர்ந்து எலும்பு பொறுக்க இன்னொரு ஆள் இல்லாததால் என்னைக் கீழே கூப்பிட்டார்கள். கால், இடுப்பு, விலா எல்லாம் ஆயிற்று. நுமகுரா வழக்கம்போலத் துணியை நீட்டினார். "பாருங்க. அழகா உட்கார்ந்திருக்காரு."

அவள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "நுமகுரா-சான், முப்பத்தஞ்சு வருஷம் நர்ஸா இருந்தவ நான். இது கழுத்து இல்ல. நெஞ்சுக்குப் பின்பக்கம் இருக்கறது. என் வீட்டுக்காரரோட வளையம் எங்க?"

நுமகுரா அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தலை குனிந்தவர் நிமிரவே இல்லை.

அவள் திட்டவில்லை. குச்சியால் வளையத்தைத் தூக்கப் பார்த்தாள், வழுக்கி விழுந்தது. மறுபடி விழுந்தது. "நீங்க அந்தப் பக்கம் பிடிங்கம்மா" என்று என்னிடம் சொன்னாள். இரண்டு பேரும் பிடித்தோம். "போன செவ்வாக்கிழமைகூட என்னைத் திட்டினாரு. கண்ணாடியைக் கொண்டுபோய் ஐஸ்பெட்டியில வெச்சிருக்க பாருன்னு. மறதி வந்தது அவருக்கு, வெச்சது நான். ஏழு வருஷம் இப்படித் திட்டு வாங்கினேன். இது இல்லாமப் போயிருந்தா யாரோ ஒரு பொம்பளைன்னு என்னைப் பார்த்து மரியாதையா வணக்கம் சொல்லிட்டிருந்திருப்பாரு." வளையத்தைக் குடத்துக்குள் மெதுவாக இறக்கினாள். "உட்கார்ந்திருக்கற மாதிரி இல்லதான். ஆனா வேலை பார்த்துச்சு."

அன்றைக்கு அதுதான் கடைசி உலை. மணி மூன்றுகூட ஆகவில்லை. நுமகுரா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு "வீட்டுக்குப் போறேன்" என்றார். எதற்கென்று கேட்கவில்லை, தெரிந்துவிட்டது. பாதி வழியில் மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து நானும் கூடவே நடந்தேன். என் முட்டிக்கே ஈடு கொடுக்க முடியாத வேகத்தில் போனார்.

வாசலிலேயே சர்க்கரைவள்ளிக்கிழங்கு பொரிக்கிற வாசனை. சயோரி ஓடிவந்து உப்பை அள்ளி இருவர் மேலும் வீசினாள். "சூடா இருக்கு, உட்காருங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்.

மேஜையில் கிழங்குத் துண்டுகள் குவியலாக இருந்தன. அடியில் அந்தத் தாள். எண்ணெய் குடித்துக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, மேஜையின் மரக்கோடுகள் அதன் வழியே தெரிந்தன. சயோரியின் சிவப்பு முத்திரை நடுவில் ஊறிப் பரவியிருந்தது.

"இந்தத் தாள்..." என்றார் நுமகுரா.

"எண்ணெய் வடியட்டும்னு போட்டேன். வேண்டாத தாள்தானே? ரொம்ப நாளா இங்கயே கெடந்துச்சு, யாரும் தொடவே இல்ல."

அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிட்டார், ஒன்று விடாமல், நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க. தாள் காலியானதும் இழுப்பறைக்குள் போயிருந்த முத்திரையை எடுத்து மை தொட்டு, அவர் பெயருக்கு விட்டிருந்த இடத்தில் அழுத்தினார். எண்ணெயில் மை பிடிக்கவில்லை. வழுக்கி ஓரத்துக்கு ஓடியது. மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவை நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சயோரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இல்லையா? உப்பு கம்மியா?" என்று கேட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அடுத்த துணையிழுக்கும் நாளிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதுத் தாள் கேட்டார்கள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுத் தாளை எடுக்கவே இல்லை. "ஏழு மாசம் முன்னால வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, நுமகுராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நுமகுரா யாருக்கும் பொய் எலும்பு கொடுக்கவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் சயோரியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு, நாற்பத்துமூன்று வீட்டுக்கும் போனார். வாசலில் தலை குனிந்து உண்மையைச் சொல்லி வளையத்தைக் கொடுத்தார். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் வளையத்தை அவர் மார்பின்மேலேயே வீசினார். சயோரி அதைப் பொறுக்கித் துடைத்து, "விழுந்துடுச்சுங்க" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாளாம்.

அந்த முப்பத்துநான்கு வயசுப் பையனின் அம்மா மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் தினமும் கும்பிட்டது யாரோட எலும்பு?" என்றாள்.

"உங்க பையனோடதுதாம்மா. முதுகு எலும்பு."

"முதுகையும் நான்தானே பெத்தேன்" என்றாள். இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து, முதல் கோப்பையை நுமகுராவின் கையில் கொடுத்தாள். ஊரில் அவருக்கு அப்படிக் கொடுத்தவர்கள் அதிகம் இல்லை.

சயோரி அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். முதலில் என் பெயர் போயிற்று, பிறகு ஊறுகாய்க் கொட்டகை, பிறகு கல்யாணம். கணவரை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொரு காலையும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டார். அவள் சொன்னது பலித்தது, மனுஷன் வாய் திறந்து பேசக் கற்றுக்கொண்டார். எவ்வளவு பேசி என்ன பிரயோஜனம், கேட்டது சாயங்காலம்வரை அவளிடம் நிற்காது.

"ஐயா என்ன வேலை பாக்கறீங்க?"

"உலை பாக்கறேன்."

"மண்பாண்டம் சுடற உலையா?"

"ஆமா."

"ஒடையாம வருதா?"

"வருது" என்பார். இந்தப் பேச்சை நானே பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். அவரும் பத்துத் தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்வார்.

ஒன்று மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. அவர் யார் என்று தெரியாது, ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கை தானாக மாடத்து ஜாடிக்குப் போகும். அள்ளி வீசிவிட்டு, யாரோ பெரியவர்மேல் உப்பைக் கொட்டிவிட்டோமே என்று பதறி மன்னிப்புக் கேட்பாள். "பரவாயில்லம்மா, இன்னிக்கு ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார்.

பிப்ரவரியில், பனி இடுப்பளவு கிடந்தபோது போனாள். சளி நெஞ்சில் கட்டி மூன்றே நாள். அலுவலகத்துக்காரர் அன்று பனியில் மாட்டிக்கொண்டதால் தாள்களை நான்தான் வாங்கி வைத்தேன். எரிக்கும் முன் குடும்பத்தார் பூர்த்தி செய்ய வேண்டிய தாளில் 'உடம்பில் பொருத்தியவை' என்று ஒரு கட்டம் உண்டு. நுமகுரா நின்றபடியே 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். முத்திரையை எடுத்து மை தொட்டுக் குத்தினார். சிவப்பாக, ஓரம் பிசகாமல், ஒரு கோடுகூட மங்காமல் விழுந்தது. அதைப் பார்க்க முடியாமல் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

உலையை வேறு யாரையாவது பார்க்கச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஒன்றரை மணி நேரம் அந்தத் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். நான் கீழேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தட்டு வெளியே வந்தது. நானும் அவரும்தான் பொறுக்கினோம். கால், இடுப்பு, விலா. கழுத்துக்கு வந்தோம். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. தலை, தோள், மடித்த கால், கூப்பிய கை, எதிலும் ஒரு விரிசல் இல்லை. அவர் வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தார். வாய் திறந்தார். "பாருங்க" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை.

யாராவது சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன். "அழகா உட்கார்ந்திருக்காடா நுமகுரா."

"இதைத்தான் காப்பாத்தினேன் அக்கா" என்றார். "அவளை விட்டுட்டு இதைக் காப்பாத்திட்டேன்."

குத்தாமல் தள்ளிப்போட்டது அவர் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் முத்திரையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தது நான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் குடத்தில் வைத்தோம்.

குடத்தை வெள்ளைத் துணியில் கட்டி, அணைத்துக்கொண்டு பனியில் வீடுவரை நடந்தார். நான் முன்னால் போய்க் கதவைத் திறந்தேன். மாடத்தில் ஜாடி இருந்தது. இனி இதை யார் செய்வது என்று நினைத்து, நானே மூடியைத் திறந்து ஒரு கை உப்பை எடுத்தேன்.

நுமகுரா குடத்தை ஒரு கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உப்பு வேண்டாம் அக்கா. அவ உள்ள வரணும்."

உப்பை ஜாடியிலேயே போட்டு மூடினேன். அவர் வாசலில் நின்று, கைக்குள் இருந்தவளிடம் தன் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.